சாயம் எங்கே போச்சு?

சாயத் தண்ணீரைத் தெளியவைக்க முயன்ற ஓர் ஆய்வாளர், ஆய்வுக்கூடத்துக்கென்று தன் சொந்தக் காசில் வாங்கிய முதல் கருவி ஒரு டீ வடிகட்டி. கோயம்புத்தூர் டவுன்ஹால் பக்கம் ஒரு பாத்திரக் கடையில் பேரம் பேசாமல் வாங்கினார். அன்று சாயங்காலம் ஒரு பீக்கர் தண்ணீரை அதில் ஊற்றினார். தெளிந்த தண்ணீர் கீழே இறங்கியது. ஊறிய ஜவ்வரிசி மாதிரி உருண்டைகள் மட்டும் வலையில் தங்கின. காலையில் அதே தண்ணீர் மெத்திலீன் புளூ கலந்து மை மாதிரி இருந்தது. வடிகட்டியைக் கழுவி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, கைடுக்குப் போன் போட்டார்.

உருண்டைகள் நீலமாகியிருந்ததை அவர் அன்றே பார்த்தார். பார்த்ததோடு சரி.

அந்தச் சந்தோஷத்துக்குக் காரணம் உண்டு. அதற்கு முந்தைய ஒரு வருடம் முழுக்க அவர் பொடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பொடி என்றால் டைட்டானியம் டை ஆக்சைடு. வீட்டுச் சுவருக்கு அடிக்கிற வெள்ளை பெயின்டிலும் முகத்துக்குப் பூசுகிற சன் ஸ்கிரீனிலும் இருக்கிற அதே சரக்குதான். ஆய்வுக்காரர்கள் பெரும்பாலும் வாங்குவது பி25 என்கிற ரகம். அதில் ஏறக்குறைய 80 சதவீதம் அனடேஸ், மிச்சம் ரூட்டைல் என்று இரண்டு வகைப் படிகங்கள் இருக்கும். ஒரு துகள் சுமார் 21 நானோமீட்டர். தலைமுடியின் பருமனுக்குள் மூவாயிரம் துகள்களை வரிசையாக நிறுத்தலாம். டப்பாவைத் திறந்து தும்மினால் மேசை முழுக்க வெண்புகை.

இந்தப் பொடிக்கு வெளிச்சத்தில் வேறு ஒரு முகம் உண்டு என்று 1967-ல் கவனித்தவர் அகிரா ஃபுஜிஷிமா. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் கெனிச்சி ஹோண்டாவிடம் ஆராய்ச்சி மாணவராக இருந்தார். டைட்டானியப் படிகத்தைத் தண்ணீருக்குள் வைத்து ஒளியைப் பாய்ச்சினால் தண்ணீர் பிரிந்து குமிழி வந்தது. 1972-ல் இருவரும் 'நேச்சர்' இதழில் எழுதிய இரண்டு பக்கத்துக்குள் அடங்குகிற குறிப்பிலிருந்துதான் ஒளிவினையூக்கம் என்கிற இந்தத் துறையே கிளை விட்டது. நடப்பது இதுதான்: 387 நானோமீட்டருக்கும் குறைந்த அலைநீளமுள்ள ஒளி, அதாவது புற ஊதா, அனடேஸ் மேல் பட்டால் ஓர் எலக்ட்ரான் மேல் தளத்துக்கு எகிறும். அது விட்டுப்போன இடம் ஒரு துளையாக நிற்கும். அந்தத் துளை பக்கத்திலிருக்கும் தண்ணீரிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும்போது ஹைட்ராக்சில் தனி உறுப்பு பிறக்கும். எகிறிய எலக்ட்ரான் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனிடம் ஒட்டிக்கொள்ளும். இந்த ஹைட்ராக்சிலுக்குப் பசி அதிகம், ஆயுள் குறைவு. கண் இமைப்பதில் கோடியில் ஒரு பங்கு நேரம்கூட உயிரோடு இருக்காது. அதற்குள் கைக்கெட்டியதைக் கடிக்கும். சாய மூலக்கூறு பக்கத்தில் இருந்தால் அதைக் கடிக்கும்.

கடித்து முடித்த பிறகுதான் தொல்லை. பொடி கலந்த தண்ணீர் பால் மாதிரி நிற்கும். ராத்திரி முழுக்க வைத்தாலும் படியாது. வடிதாளில் ஊற்றினால் தாளைத் தாண்டி ஓடிவிடும். சென்ட்ரிஃபியூஜில் சின்னச் சின்னக் குழாய்களாக அடுக்கிச் சுற்ற வேண்டும். ஒரு லிட்டருக்கு அரை நாள் போகும். சாயப்பட்டறையிலோ தண்ணீரை லிட்டரில் யாரும் எண்ணுவதில்லை. ஒரு கிலோ பின்னல் துணிக்குச் சாயமேற்றவே ஐம்பது லிட்டருக்குக் குறையாமல் பிடிக்கும். பட்டறை ஒரு நாளைக்கு ஓட்டுவது டன் கணக்கில். சாயத்தை எடுத்துவிட்டு டைட்டானியத்தை உள்ளே விட்டுவிடுவதும் ஒரு சுத்திகரிப்பா என்று அவருடைய கைடே கேட்டுவிட்டார்.

அப்படித்தான் பொடியை ஜெல்லுக்குள் அடைக்கும் யோசனைக்கு வந்தார். இது அவர் கண்டுபிடித்ததல்ல. உலகத்தில் பல ஆய்வுக்கூடங்களில் இதைச் செய்துகொண்டிருந்தார்கள். எல்லோரும் முதலில் தொடுவது சோடியம் ஆல்ஜினேட். அது கடல்பாசிச் சரக்கு. மண்டபம், ராமேஸ்வரம் கரையில் பாசி எடுக்கிற பெண்கள் கட்டக்கோரை, பக்கோடாப் பாசி என்று சொல்வார்களே, அந்த மாதிரிப் பழுப்புப் பாசிகளிலிருந்து எடுப்பது. தண்ணீரில் கரைத்தால் கொழகொழவென்று நிற்கும். அதைச் சொட்டுச் சொட்டாகக் கால்சியம் குளோரைடு கரைசலில் விட்டால் ஒவ்வொரு சொட்டும் விழுந்த மாத்திரத்தில் உருண்டையாக இறுகும். ஆல்ஜினேட் சங்கிலிகளில் இருக்கும் பள்ளங்களில் கால்சியம் அயனிகள் போய் உட்கார்ந்து இரண்டு சங்கிலிகளைச் சேர்த்துப் பிடித்துக்கொள்கின்றன. முட்டை அட்டையில் முட்டை உட்காருகிற மாதிரி என்று பாடப்புத்தகங்கள் சொல்லும்.

எழுதும்போது எளிதாகத்தான் இருக்கிறது. கைவேலை வேறு. ஆல்ஜினேட் பொடியை ஒரேயடியாகக் கொட்டினால் ரவை உப்புமா மாதிரிக் கட்டி தட்டிவிடும். சுழலும் தண்ணீரில் தூவித் தூவிப் போட்டு ராத்திரி முழுக்கக் கலக்க வேண்டும். அதில் டைட்டானியத்தைச் சேர்த்ததும் காற்றுக் குமிழி போக ஒரு மணி நேரமாவது சும்மா வைக்க வேண்டும். சிரிஞ்சைப் பிடிக்கிற உயரம் கொஞ்சம் தாழ்ந்தால் உருண்டைக்கு வால் முளைக்கும். கூடினால் தட்டையாகும். சிரிஞ்சில் நூறு கிராம் உருண்டை விடுவதற்குள் கட்டை விரல் மரத்துப்போனது. ஒருநாள் வீட்டிலிருந்து பூந்திக் கரண்டியை எடுத்து வந்து அதில் ஊற்றித் தட்டினார். தீபாவளிக்குப் பூந்தி போடுகிற அதே கை. ஒரு மணி நேரத்தில் ஒரு கிலோ உருண்டை. இந்த முறையைக் கட்டுரையில் எழுதும்போது 'பல துளை சொட்டு முறை' என்று எழுதச் சொன்னார் கைடு.

2012-ல் கோவைப் பக்கம் ஒரு நாளில் பாதி நேரம் மின்சாரம் இருக்காது. புற ஊதா விளக்கை நம்பி எதுவும் செய்ய முடியவில்லை. பீக்கர்களை மொட்டை மாடிக்குத் தூக்கினார். வெயிலில் புற ஊதா நூற்றுக்கு நாலைந்து பங்குதான். ஆனாலும் ஏப்ரல் மாத நடுப்பகலில் அது போதும். மூன்று மணி நேரத்தில் தண்ணீர் வெளுத்துவிடும். ஜூன் பிறந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகம் வந்துவிட்டால் கணக்கெல்லாம் தப்பும்.

அந்த மாடிக்கு ஒருநாள் ஒரு சாய மாஸ்டர் வந்தார். திருப்பூரில் முப்பது வருடம் பட்டறையில் நின்றவர். மகளின் கல்லூரிச் சேர்க்கை விஷயமாக வந்தவரை யாரோ, "உங்க தொழில் சம்பந்தமா இங்க ஒருத்தர் பண்றாங்க" என்று மேலே கூட்டி வந்துவிட்டார்கள். அவர் பீக்கரைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். நீல உருண்டை ஒன்றை எடுத்து விரலிடுக்கில் நசுக்கினார். விரல் நீலமானது.

"அம்மணி, தண்ணி வெளுத்திருச்சு, சரிங்க. சாயம் எங்க போச்சு?"

வெளிச்சத்தில் சிதைந்துவிட்டது என்று இவர் விளக்கத் தொடங்கினார். மாஸ்டர் விரலைக் காட்டினார். "நாங்க துணிக்குச் சாயம் ஏத்தறோமுங்க. நீங்க இதுக்கு ஏத்திருக்கறீங்க."

அன்று ராத்திரி இவர் தூங்கவில்லை. மறுநாள் அதே உருண்டை, அதே சாயம், அதே அளவு. பீக்கரை அலுமினியத் தாளில் சுற்றி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். மூன்று மணி நேரம் கழித்துத் திறந்தால் தண்ணீர் ஏறக்குறைய அதே அளவுக்குத் தெளிந்திருந்தது. வெளிச்சமே படவில்லை. ஆல்ஜினேட் எதிர்மின் சுமை உள்ளது, மெத்திலீன் புளூ நேர்மின் சுமை உள்ளது. ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டன, அவ்வளவுதான். பரப்பு கவர்தல் என்று பதினோராம் வகுப்பிலேயே படித்த சங்கதி. வெயில் காட்டிய உருண்டை ஒன்றை பிளேடால் நறுக்கிப் பார்த்தார். மேல்தோல் மட்டும், முட்டை ஓட்டின் கனத்துக்கு, வெள்ளையாக இருந்தது. உள்ளே நடு வரைக்கும் அப்பட்டமான நீலம். டைட்டானியம் ஒளியைச் சிதறடிப்பதில் கெட்டி, பெயின்டில் அதைப் போடுவதே அதற்குத்தான். ஒளி தோலைத் தாண்டவே இல்லை. அவர் போட்ட நானோ பொடியில் பெரும்பகுதி இருட்டில் சும்மா உட்கார்ந்திருந்தது.

எழுதி முடித்திருந்த கட்டுரையை அவர் அனுப்பவில்லை. இந்த ஒரு முடிவுக்காகவே அவரைப் பற்றி எழுதலாம்.

அதற்குப் பிறகு சாயம் போன இடத்தைத் தேடுவதே அவருடைய வேலையாகிவிட்டது. தேடத் தேட, நிறம் என்பது எவ்வளவு ஏமாற்றுக்காரச் சாட்சி என்று தெரிந்தது. மெத்திலீன் புளூ எலக்ட்ரானை வாங்கிக்கொண்டால் நிறமற்ற லியூகோ வடிவமாக மாறும். மூலக்கூறு சிதைந்திருக்காது, ஒளிந்திருக்கும். காற்றுப் பட்டால் நீலம் திரும்பி வரும். மாணவர் ஒருவர் வெளுத்த கரைசலைக் குலுக்கி எடுத்து வந்து, "மேடம், மறுபடி நீலமாயிருச்சு" என்று அழாத குறையாக நின்றது இப்படித்தான். 1876-ல் பிஏஎஸ்எஃப்-இல் ஹைன்ரிச் காரோ தயாரித்த இந்தச் சாயத்தை உலகமே சோதனைக்கு வைத்துக்கொள்கிறது. ஒளிவினையூக்கிப் பரப்புகளைச் சோதிக்கும் ஒரு சர்வதேசத் தரமுறையிலும் அதுதான் இருக்கிறது. ஆனால் அதுவே கண்ணுக்குத் தெரியும் ஒளியை உறிஞ்சித் தானாகவும் சிதையும். சோதிக்கப்படுவது ஊக்கியா சாயமா என்று சில நேரம் குழம்ப வேண்டியதுதான்.

ரோடமின் பி இன்னும் வேடிக்கை. 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்ததே, அந்த ரோஸ் சாயம். அதன் உறிஞ்சல் உச்சி 554 நானோமீட்டரில் இருக்கும். வெளிச்சத்தில் வைத்தால் ஓரங்களில் இருக்கிற எத்தில் கூட்டங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, உச்சி 498 பக்கம் நகரும். ரோஸ் தண்ணீர் இளம்பச்சையாக மினுங்கும். 554-ல் மட்டும் கருவியை வைத்துப் படிப்பவர் '95 சதவீதம் நீக்கம்' என்று எழுதிக்கொள்வார். எதிரே பச்சைத் தண்ணீர் நின்றுகொண்டிருக்கும்.

இவ்வளவும் வாலை வடிநீரில். பட்டறைத் தண்ணீர் வேறு ஜாதி.

திருப்பூரில் பட்டறைத் தண்ணீர் என்ன செய்தது என்பதை நொய்யல் ஆற்றங்கரைக்காரர்களிடம் விளக்க வேண்டியதில்லை. அந்த ஆற்றில் ஒரத்துப்பாளையம் அணையைப் பாசனத்துக்கென்று கட்டினார்கள். அதில் சாயமும் உப்பும் தேங்கி, தண்ணீரைத் திறந்து விடாதே என்று உழவர்களே வழக்குப் போடும் நிலை வந்தது. 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாடு இருந்தால்தான் திறக்கலாம் என்றது. அதன் பிறகு உயிரியல் தொட்டி, ஆர்.ஓ., அதற்குப் பின்னால் கொதிகலன் ஆவியில் உப்புநீரைச் சுண்டவைக்கும் எவாப்பரேட்டர் என்று நீளமான வரிசை வந்தது.

இவர் ஐந்து லிட்டர் கேனை எடுத்துக்கொண்டு அந்த மாஸ்டரின் பட்டறைக்கே போனார். சாஃப்ட் ஃப்ளோ மெஷினிலிருந்து வடிந்த கறுப்புத் தண்ணீரை மாஸ்டர் பிடித்துக் கொடுத்தார், கை சுட்டது. ரியாக்டிவ் பிளாக். பருத்திக்கு இந்த ரியாக்டிவ் வகைதான் போடுவார்கள், ஐசிஐ 1956-ல் புரோசியான் என்று சந்தைக்குக் கொண்டுவந்த குடும்பம். சாயம் நூலோடு நிஜமாகவே பிணைந்துகொள்ளும், துவைத்தாலும் போகாது. ஆனால் போட்டதில் ஒரு பங்கு நூலுக்குப் பதிலாகத் தண்ணீரோடே பிணைந்து வீணாகும். அடர் நிறத்துக்கு லிட்டருக்கு ஐம்பது, அறுபது, எண்பது கிராம் வரை உப்பு விழும், அதற்கு மேல் சோடா ஆஷ்.

இவர் பையிலிருந்து உருண்டை டப்பாவை எடுத்தார். எதில் செய்தது என்று மாஸ்டர் கேட்டார். ஆல்ஜினேட் என்றார்.

"பிரிண்டிங்குக்குப் போடற கம்முங்களா? ரியாக்டிவ் அதுல ஏறவே ஏறாதுங்களே. ஏறாதுன்னுதான அதைப் போடறோம்."

உண்மை. ரியாக்டிவ் சாயத்தில் அச்சடிக்கும்போது பசைக்கு ஆல்ஜினேட் போடுவதே, சாயம் பசையைத் தீண்டாமல் நேரே துணிக்குப் போகும் என்பதற்காகத்தான். இரண்டுமே எதிர்மின் சுமை, ஒன்றை ஒன்று தள்ளும். பட்டறையில் பத்தாம் வகுப்பு படித்தவருக்குத் தெரிந்திருந்த இந்த விஷயம், முனைவர் பட்டக்காரர்களின் எத்தனை கட்டுரைகளில் இல்லை என்று இவர் பிற்பாடு சிரித்துக்கொண்டே சொல்வார். அன்று சிரிக்க வரவில்லை.

ஆனாலும் இவர் உருண்டைகளைப் போட்டுப் பார்த்தார். அரை மணி நேரத்தில் உருண்டைகள் ஊதின. ஒரு மணி நேரத்தில் விளிம்பு கரைந்து ஒன்றோடொன்று ஒட்டின. மாலைக்குள் பீக்கரில் கறுப்புக் கஞ்சி. காரணத்தை யோசிக்க இரண்டு நிமிடம் போதும். உப்பில் இருக்கும் சோடியம் கால்சியத்தை இடம் பெயர்க்கும். சோடாவில் இருக்கும் கார்பனேட் அந்தக் கால்சியத்தைச் சுண்ணாம்பாகப் படியவைத்துவிடும். முட்டையை எடுத்துவிட்டால் அட்டை இரண்டாகப் பிரியும். அடைத்து வைத்திருந்த டைட்டானியம் மொத்தமும் தண்ணீரில் இறங்கி, கறுப்பு சாம்பலானது. வடிகட்டிக்கு வேலை இல்லை.

அடுத்து அவர் பிடித்தது பாலிவினைல் ஆல்கஹால். சுடுதண்ணீரில் கரைத்து, ஊக்கியைக் கலந்து, தட்டில் ஊற்றி உறைய வைத்து, இளக வைத்து, மறுபடி உறைய வைத்தால் சங்கிலிகள் அங்கங்கே படிகமாகக் கோத்துக்கொண்டு, இழுத்தால் திரும்பும் ரப்பர் மாதிரித் தகடு கிடைக்கும். கால்சியம் வேண்டாம், வேறு கோப்புச் சரக்கும் வேண்டாம். மின்வெட்டு நாட்களில் துறையின் பழைய ஃபிரிட்ஜ் உறைய வைப்பதையும் இளக வைப்பதையும் தானாகவே செய்தது. இதில் அவருக்கு ஒரு போனஸ் கிடைத்தது: சோடியம் சல்ஃபேட், அதாவது பட்டறையில் போடும் அதே கிளாபர் உப்பு, இந்த ஜெல்லைக் கரைப்பதற்குப் பதிலாக இறுக்கும். தண்ணீரை உப்பு தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் சங்கிலிகள் நெருங்குகின்றன. ஆல்ஜினேட்டைக் கஞ்சியாக்கிய தண்ணீரிலேயே புதுத் தகடு கெட்டியானது.

உருண்டையை விட்டுத் தகட்டுக்குப் போனதற்கு அந்த பிளேடு நறுக்கல்தான் காரணம். ஒளி தோலோடு நின்றுவிடும் என்றால் எல்லாமே தோலாக இருக்கட்டும் என்று மெல்லிசாக ஊற்றினார். கறுப்புத் தண்ணீருக்குள்ளும் ஒளி இறங்காது என்பதால் தகட்டை நீர்மட்டத்துக்கு விரல்கடைக்குக் கீழே, கண்ணாடித் தொட்டியில் சரிவாக வைத்தார். வெயிலின் புற ஊதாவை மட்டும் நம்பாமல் மஞ்சள் பொடி ஒன்றையும் சேர்த்தார். கிராஃபைட்டிக் கார்பன் நைட்ரைடு. மூடிபோட்ட மூசையில் யூரியாவை 550 டிகிரியில் வறுத்தால் கிடைக்கும், 460 நானோமீட்டர் வரை நீல ஒளியையும் பயன்படுத்திக்கொள்ளும். பத்து கிராம் யூரியாவில் அரை கிராம் தேறினால் அதிகம். மிச்சமெல்லாம் அம்மோனியாவாகப் போய், உலை இருக்கும் அறையில் யாரையும் நிற்கவிடாது.

இப்போது இருட்டுச் சோதனையில் கறுப்பு அப்படியே நின்றது, வெயிலில் வெளுத்தது. மெதுவாகத்தான். குளோரைடும் கார்பனேட்டும் ஹைட்ராக்சிலைப் பாதி வழியில் தின்றுவிடுகின்றன. தகட்டை நறுக்கினால் உள்ளே கறுப்பு இல்லை. மாஸ்டருக்கு நிறமில்லாத தண்ணீரைப் போட்டோ எடுத்து அனுப்பினார்.

பிறகு மொத்தக் கரிமக் கார்பனை அளக்க மாதிரியை வெளியே கொடுத்து அனுப்பினார். நிறம் போனாலும் உடைந்த துண்டுகள் தண்ணீரில் இருந்தால் இந்த அளவு காட்டிக்கொடுத்துவிடும். இந்தக் கறுப்பு மாதிரியான அசோ சாயத்தின் இரட்டை நைட்ரஜன் பிணைப்பு அறுந்தாலே நிறம் போய்விடும். மிச்சமிருக்கும் வளையங்களில் சில மூலச் சாயத்தைவிடப் பொல்லாதவை. துண்டுகள் இருக்கும், கார்பன் கொஞ்சம்தான் குறைந்திருக்கும் என்று எதிர்பார்த்தார். முடிவு வந்தது. கார்பன் குறையவே இல்லை, கூடியிருந்தது.

இரண்டு முறை மறு அளவு கேட்டார். அதே விடை. வெறும் வாலை வடிநீரில் தகட்டைப் போட்டு வெயில் காட்டியபோதுதான் பிடிபட்டது: ஊக்கி தன் சொந்த வீட்டையும் தின்றுகொண்டிருந்தது. ஹைட்ராக்சிலுக்குச் சாய மூலக்கூறு எது, ஜெல் சங்கிலி எது என்று தெரியாது. பக்கத்தில் இருந்ததைக் கடித்தது. பக்கத்தில் எப்போதும் இருப்பது ஜெல்தான். இந்தத் துறையின் அடிப்படைச் சங்கடம் இது என்பது என் எண்ணம், அவருடையதும்தான். ஊக்கி எவ்வளவு சுறுசுறுப்போ, அதைப் பிடித்து வைத்திருக்கும் ஜெல்லுக்கு அவ்வளவு ஆயுள் குறைவு. பிறகு டைட்டானியத்தின் மேல் மெல்லிய சிலிக்கா பூசிக் கலந்து பார்த்தார். ஜெல் தாக்குப்பிடித்தது, வேகம் குறைந்தது. எங்கே நிறுத்துவது என்பது இன்றைக்கும் அவருக்குப் பேரம்தான்.

எவாப்பரேட்டரையோ ஆர்.ஓ.வையோ இந்தத் தகடு மாற்றிவிடுமா என்று அவரிடம் கேட்பவர்களுக்கு அவர் உடனே இல்லை என்பார். உப்பை வெளிச்சத்தால் எதுவும் செய்ய முடியாது. திருப்பூரின் பெரிய தலைவலியே உப்புதான். ஆனால் மீட்டெடுத்த உப்புநீர் சில நேரம் லேசான மஞ்சளோடு வரும். கறுப்புக்கும் நேவிக்கும் அதை ஓட்டலாம், வெளிர் நிறத்துக்கு ஓட்டினால் துணியில் தெரியும். சாயம் குறைவு, தண்ணீர் தெளிவு, ஒளி அடிவரை இறங்கும். அங்கே ஒரு தொட்டி வைக்கலாம் என்பதுதான் இப்போது அவர் கேட்கிற இடம். பெரிய வாக்குறுதி தராத இந்தப் பேச்சு நிதி கேட்கும் விண்ணப்பங்களில் எடுபடுவதில்லை என்பதும் உண்மை.

மாடியில் இப்போது மூன்று தொட்டிகள் ஓடுகின்றன. ஒன்றில் ஊக்கி இல்லாத தகடு, ஒன்றில் டைட்டானியம் மட்டும், ஒன்றில் மஞ்சளும் சேர்த்து. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கறுப்புச் சாக்குப் போட்டு மூடிய இருட்டு ஜோடி. போன வாரம் பார்த்தால் ஊக்கி இல்லாத தகட்டின் மேல் பச்சைப் பாசி படர்ந்திருந்தது. மற்ற இரண்டிலும் வெயில் படும் முகம் சுத்தமாக இருந்தது, பாசியெல்லாம் நிழல் பட்ட முதுகில். மாணவர் துடைக்கத் துணியை எடுத்தார். இவர் தடுத்துவிட்டு, முதலில் போட்டோ எடுக்கச் சொன்னார். ஒரு தகட்டை மட்டும் திருப்பிப் போட்டு, முதுகை வெயிலுக்குக் காட்டி, நோட்டில் தேதியும் நேரமும் எழுதினார். வெயில் சாய்ந்துவிட்டது, மணி நாலே கால்.